பெரியப்பா பெரியம்மா சேர்த்து வச்ச உலக நாட்டுப்புற எல்பி கலெக்‌ஷன் (பாண்டி): எப்படி அடுக்கறது, பிரிச்சு விக்கலாமா?

ரெயின்போ_ராஜா:

வணக்கம் மக்களே, கேள்வி கொஞ்சம் நீளமா போகும், திட்டாதீங்க.

எங்க பெரியப்பா பிரெஞ்சு மிலிட்டரில இருந்தவரு, பாண்டில சொல்தா வீடுன்னா தெரியாதவங்க இருக்க மாட்டாங்க, அந்த வகை. மார்செய்ல கொஞ்ச வருஷம் ரியூனியன் தீவுல கொஞ்ச வருஷம்னு சுத்திட்டு பென்ஷனோட வந்து ரெயின்போ நகர்ல வீடு கட்டினாரு. பெரியம்மா இங்கயே டீச்சர், லீவு விட்டா அவரு இருக்கற ஊருக்கு கிளம்பிடுவாங்க. மத்தவங்க வெளிநாட்டுல இருந்து சென்ட்டு சாக்லேட்டுன்னு வாங்கிட்டு வருவாங்க, இவங்க ரெண்டு பேரும் வாங்கினது ரெக்கார்டு. சினிமா பாட்டு கிடையாது, கச்சேரியும் கிடையாது, எந்த மலைல எந்த கிராமத்துல எந்த பாட்டி பாடினாலும் அது எல்பியா (நிமிஷத்துக்கு 33 சுத்து ஓடற பெரிய ரெக்கார்டு) வந்திருந்தா போதும், வீட்டுக்கு வந்துடும். ஜார்ஜியா, பல்கேரியா, மாலி, பெரு, ஸ்காட்லாந்து, பாலி, ஜப்பான்னு 600க்கு மேல இருக்கு. அது போக அம்பது அறுவது பழைய 78 ப்ளேட்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து ஓடற கிராமஃபோன் ப்ளேட்டு), அதுல பாதி நம்ம ஊரு தெம்மாங்கு, சிந்து, மாரியம்மன் தாலாட்டு.

இப்ப ரெண்டு பேருக்கும் எண்பது தாண்டிடுச்சு, மாடி ஏற முடியல, அதனால எல்லாமே கீழ் ரூம்லதான் இருந்துச்சு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு எங்க ஏரியா கதி என்னன்னு சொல்லவே வேணாம், மேகம் கறுத்தாலே ரெயின்போ நகர் கிருஷ்ணா நகர்லதான் மொதல்ல தண்ணி நிக்கும். ஷெல்ஃபோட அடித்தட்டு முழுக்க நனைஞ்சுது. அப்பவே துடைச்சு காய வச்சு எடுத்து வச்சோம், இப்ப தொறந்து பாத்தா அட்டைல பூஞ்சை, சில ப்ளேட்டு மேலயும் வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கு, ரூம்ல நுழைஞ்சாலே தும்மல். இப்ப ரெண்டு பேரையும் லாஸ்பேட்டைல என் ஃப்ளாட்டுக்கு கூட்டிட்டு வரேன் (லிஃப்ட் இருக்கு), ரெக்கார்டும் கூடவே வருது.

சண்டை எங்க ஆரம்பிச்சுதுன்னா அடுக்கறதுல. பெரியப்பா நாடு வாரியா வைக்கணும்ங்கறாரு, ஆப்பிரிக்கா ஆசியா ஐரோப்பான்னு டைப் அடிச்ச லிஸ்ட்டே வச்சிருக்காரு. பெரியம்மா ஒத்துக்கவே இல்ல. அவங்க அடுக்கு வேற: தாலாட்டுக்கு ஒரு தட்டு, நடவு அறுப்புக்கு ஒரு தட்டு, வலை இழுக்கறதுக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு, சாவுக்கு ஒண்ணு. எந்த நாடுன்னு பாக்கறதே கிடையாது. இத்தனை வருஷமா பெரியம்மா அடுக்குதான் ஓடிச்சு, ஏன்னா பெரியப்பா வீட்டுல இல்ல. இப்ப புது வீடு, புது ஷெல்ஃப், அவரு விட மாட்டேங்கறாரு.

இதுக்கு நடுவுல சென்னைல இருந்து ஒருத்தர் வந்து பாத்தாரு, ரெக்கார்டு வாங்கி விக்கறவரு. ஒரு மணி நேரம் புரட்டிட்டு 40 மட்டும் எடுத்து தனியா வச்சு, இதுக்கு மொத்தமா ஒரு தொகை தரேன், மிச்சத்த யாரும் வாங்க மாட்டாங்க எடைக்கு போட்டுடுங்கன்னு சொல்லிட்டாரு. பாரிஸ்ல இருக்கற அண்ணன் குடுத்துடுங்கறான். பெரியம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

பூஞ்சைய எப்படி எடுக்கறது, பிரிச்சு விக்கறது சரியா, யாரு சொல்ற மாதிரி அடுக்கறது? எதுக்கு பதில் தெரிஞ்சாலும் சொல்லுங்க.


ஊசிமுனை:

அடுக்கறதெல்லாம் அப்புறம், மொதல்ல பூஞ்சைய கவனிங்க. நான் கடலூர் மஞ்சக்குப்பம், உப்புக் காத்துல இருந்து ரெக்கார்டு காப்பாத்தறதே பொழப்பா போச்சு.

புது வீட்டுக்கு ஏத்தறதுக்கு முன்னாடியே பூஞ்சை புடிச்சத தனியா பிரிச்சுடுங்க, நல்லதோட ஒரே பெட்டில போட்டா அதுக்கும் ஒட்டிக்கும். மாஸ்க் போட்டுக்கோங்க, இது விளையாட்டில்ல, பெரியவங்கள அந்த ரூம் பக்கமே விடாதீங்க. வெராண்டால நிழல்ல வச்சு மெல்லிசு பிரஷ்ல அட்டைய காஞ்ச வாக்குல தட்டி எடுங்க. வெயில்ல வைக்கணும்னு யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க, நம்ம ஊரு ஏப்ரல் வெயில்ல வினைல் அப்பளம் மாதிரி வளைஞ்சிடும், அப்புறம் நிமிராது.

எல்பி கழுவ டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் போதும், வேணும்னா கொஞ்சூண்டு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கலந்துக்கலாம். மைக்ரோஃபைபர் துணில கோடு ஓடற திசைலயே வட்டமா துடைங்க, குறுக்க தேய்க்காதீங்க, நடுவுல லேபிள் நனையக்கூடாது. கடைசியா சும்மா டிஸ்டில்டு வாட்டர்ல அலசி நிக்க வச்சு காய விடுங்க. போர் தண்ணி வேணவே வேணாம், காஞ்சா உப்பு கோடுக்குள்ள உக்காந்துக்கும், அப்புறம் ஓடவிட்டா சடசடன்னு சத்தம்.

ஆனா 78க்கு இது எதுவும் செல்லாது, குறிப்பா ஸ்பிரிட் ஆல்கஹால் ஒரு சொட்டு கூட படக்கூடாது. எல்பி பிவிசி, 78 பெரும்பாலும் அரக்கு கலந்தது. அரக்கு ஆல்கஹால்ல கரையும், கதவுக்கு பாலிஷ் போடற ஆசாரிங்க அரக்கு கரைக்கறதே ஸ்பிரிட்லதான். துடைச்சீங்கன்னா பாட்டே அழிஞ்சிடும். லேசா ஈரத்துணி, உடனே காஞ்ச துணி, அவ்ளோதான்.

பழைய பிளாஸ்டிக் கவர் (மெத்துமெத்துன்னு கெமிக்கல் வாசனை வரும் பாருங்க, அந்த பிவிசி கவர்) இருந்தா கழட்டி எறிங்க, பல வருஷம் ஒட்டிக்கிட்டு இருந்தா ப்ளேட்டு மேல மங்கலா படிஞ்சிடும். பாலித்தீன், பாலிப்ரோப்பிலின் கவர் நல்லது. எப்பவும் நிக்க வச்சுதான் அடுக்கணும், படுக்க வச்சு ஒண்ணு மேல ஒண்ணு போட்டா அடில இருக்கறது காலி. அட்டையோட 100 எல்பி சுமாரா 25 கிலோ வரும், உங்களுது 150 கிலோவுக்கு மேல, அதனால மெல்லிசு பிளைவுட் ஷெல்ஃப் வாங்கிடாதீங்க. இந்த தடவை அடித்தட்ட காலியா விட்டுடுங்க, மாடியா இருந்தாலும் சரி.

ப்ளேயர் என்ன வச்சிருக்கீங்க?


ரெயின்போ_ராஜா:

@ஊசிமுனை ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, ஸ்பிரிட் மேட்டர் நல்ல நேரத்துல சொன்னீங்க, என் தங்கச்சி சானிடைசர் பாட்டிலோட ரெடியா நின்னுட்டு இருந்தா. ப்ளேயர் ரெண்டு இருக்கு, ஒண்ணு மார்செய்ல வாங்கினது, இன்னொண்ணு பழைய எச்எம்வி ஃபியஸ்டா சூட்கேஸ் மாதிரி மூடி வச்சது. பெரியம்மாவுக்கு ஃபியஸ்டாதான் உசுரு.


ஊசிமுனை:

ஃபியஸ்டாவ ஷோவுக்கு வச்சுக்க சொல்லுங்க, சொன்னா கோவம் வரும்தான். அதுல இருக்கறது செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டியிருக்கற தலை), அஞ்சாறு கிராம் வெயிட்டு ஊசி மேல உக்காரும். நல்ல மேக்னட்டிக் கார்ட்ரிட்ஜ் ரெண்டு கிராமுக்குள்ளயே ஓடும். வேற காப்பி கிடைக்காத ரெக்கார்ட அதுல போட்டு தேய்க்க வேணாம். 78க்கு ஊசியே வேற, எல்பி ஊசி முனை சுமார் 18 மைக்ரான், 78க்கு 75 மைக்ரான் கிட்ட வேணும், ஏன்னா அந்த கோடு அவ்ளோ அகலம். எல்பி ஊசிய 78ல வச்சா பள்ளத்தோட அடில போய் இழுத்துக்கிட்டு வெறும் இரைச்சல்தான் வரும், அத கேட்டுட்டு ப்ளேட்டு போச்சுன்னு நிறைய பேர் தூக்கி போட்டுடறாங்க.


சண்டே_மார்க்கெட்_சங்கர்:

தம்பி அந்த 40 எதெதுன்னு ஃபோட்டோ எடுத்தீங்களா? எடுக்கலன்னா இன்னிக்கே எடுங்க, அவரு தனியா வச்ச வரிசை கலையறதுக்குள்ள. அவரு உங்களுக்கு ஓசில மதிப்பீடு போட்டு குடுத்துட்டு போயிருக்காரு.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல ரெக்கார்டு புரட்டற ஆளு நான், விக்கவும் செய்வேன், அதனால உள்ளத சொல்றேன். நாட்டுப்புற எல்பிக்கு விலை இல்லன்னு சொல்றது பாதி நிஜம். நான்ஸச்னு ஒரு அமெரிக்க கம்பெனி 1967ல எக்ஸ்ப்ளோரர்னு சீரிஸ் ஆரம்பிச்சு மலிவு விலைல நிறைய அடிச்சு தள்ளினாங்க, பாலி கேமலான், பல்கேரியா, ஆப்பிரிக்கான்னு, அருமையான ரெக்கார்டிங், ஆனா உலகம் பூரா கிடைக்குது, பெருசா காசு தேறாது. ஃபோக்வேஸ்னு இன்னொரு அமெரிக்க கம்பெனி, அதுவும் அநேகமா அப்படித்தான். ஆனா பிரான்ஸ் ரேடியோவோட ஓகோரா பழைய பதிப்பு, மேற்கு ஆப்பிரிக்காலயே கம்மியா அச்சடிச்சது, ரியூனியன்ல 70கள்ல வந்தது இதுக்கெல்லாம் ஆளு தேடிக்கிட்டு இருக்கான். அவரு எடுத்த 40ல இதுதான் நிறைய இருக்கும்னு பந்தயம் கட்டறேன்.

டிஸ்காக்ஸ்ல (ரெக்கார்டு பதிப்பு, விலை எல்லாம் இருக்கற வெப்சைட்) போட்டு பாருங்க, ஆனா அட்டைல இருக்கற நம்பர மட்டும் நம்பாதீங்க, ப்ளேட்டுல லேபிளுக்கு பக்கத்துல வழுவழுன்னு இருக்கற இடத்துல பொறிச்சிருக்கற நம்பர லைட்டுல சாய்ச்சு வச்சு படிங்க, எந்த பதிப்புன்னு அதுதான் காட்டிக் குடுக்கும். விலை பாக்கும்போது கேக்கற விலைய பாக்காதீங்க, கடைசியா வித்த விலை தனியா இருக்கும், அதுதான் கணக்கு. பூஞ்சை அட்டைன்னா அதுலயும் பாதி கழிச்சுடுங்க. ரஷ்யா மெலோடியா ரெக்கார்டு இருந்தா லேபிள்ல வருஷம் தேடி அலைய வேணாம், ரஷ்ய எழுத்துல கோஸ்ட் 5289னு போட்டு பக்கத்துல 68, 73, 80னு ஒரு நம்பர் இருக்கும், அந்த தரக்கட்டுப்பாடு வந்த வருஷம் அது, ப்ளேட்டு அதுக்கு அப்புறம் அச்சானதுன்னு வச்சுக்கலாம்.

விக்கறதுன்னே முடிவு பண்ணா கூட நாப்பது மட்டும் குடுக்காதீங்க. பாலாடைய எடுத்துட்டு போனா மிச்சத்துக்கு நெஜமாவே ஆளு வராது.


வாடகை_வீடு:

எடைக்கு போடறதா இருந்தா சொல்லுங்க சார், வில்லியனூர்ல இருந்து ஆட்டோ எடுத்துட்டு வரேன். கொண்டு போய் எங்க வைக்கறதுன்னு மட்டும் என் வீட்டுக்காரம்மாகிட்ட நீங்க பேசணும் 😅


கேட்டலாக்_அக்கா:

லைப்ரரில இருந்து ரிட்டையர் ஆனவ நான். உங்க பெரியப்பா பெரியம்மா சண்டைய நாங்க தினம் பாத்திருக்கோம், ஒரு புக்க வரலாறுல வைக்கறதா மதத்துல வைக்கறதான்னு. எங்க தொழில்ல இதுக்கு ஒரு பழைய வழி இருக்கு. ஷெல்ஃப்ல பொருள் வாரியா வைக்கவே வேணாம். கைக்கு வந்த வரிசைல 1, 2, 3னு நம்பர் குடுங்க, பென்சில்ல உள் கவர் மூலைல எழுதுங்க, ப்ளேட்டு லேபிள்ல எழுதாதீங்க, ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. எக்செல்ல ஒரு ஷீட்டு போட்டு நாடுன்னு ஒரு காலம், என்ன வேலைக்கு பாடறதுன்னு ஒரு காலம். பெரியப்பா நாட்ட வச்சு சார்ட் பண்ணிக்கட்டும், பெரியம்மா வேலைய வச்சு சார்ட் பண்ணிக்கட்டும். சண்டை தீந்துது.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். அட்டைக்குள்ள இருக்கற சின்ன புக்லெட்ட ரெக்கார்டுல இருந்து பிரிச்சுடாதீங்க. ஃபோக்வேஸ் ரெக்கார்டு உங்ககிட்ட நிறைய இருக்கும்னு நினைக்கறேன், கெட்டி கறுப்பு அட்டைல மேல பாதிக்கு பேப்பர் ஒட்டின மாதிரி இருக்கும். மோசஸ் ஆஷ், மரியன் டிஸ்ட்லர்னு ரெண்டு பேர் 1948ல நியூயார்க்ல ஆரம்பிச்சது. ஒவ்வொரு ரெக்கார்டுக்குள்ளயும் யாரு பாடினாங்க எந்த ஊரு என்ன சமயத்துல பாடறது பாட்டோட வரி என்னன்னு ஒரு புக்லெட் வச்சு அனுப்புவாங்க. ஆஷ் 1986ல இறந்ததுக்கு அப்புறம் 1987ல அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் மியூசியம் நிறுவனம் வாங்கினப்ப இருந்த 2,000க்கு மேல ரெக்கார்டுல ஒண்ண கூட நிறுத்தக்கூடாது, எல்லாம் எப்பவும் கிடைக்கணும்னுதான் ஒப்பந்தமே. அதனால ஃபோக்வேஸ் பாட்டு தொலைஞ்சிடும்னு நீங்க பயப்பட வேணாம், அவங்ககிட்ட இருக்கு. உங்ககிட்ட மட்டும் இருக்கறது எதுன்னு பாத்து அதுக்கு முதல்ல மெனக்கெடுங்க. அந்த தமிழ் 78, பெரியம்மா கைப்பட ஏதாவது எழுதி வச்சிருந்தா அது.


வயக்காட்டு_வாசு:

அக்கா சொல்ற நம்பர் முறை லைப்ரரிக்கு சரி. வீட்டுக்கு எனக்கு ஒப்பல. ரெக்கார்டு கலெக்‌ஷன்ல கைய விட்டு புரட்டறதுதான் பாதி சுகம், பாலி பக்கத்துல பிரேசில், அதுக்கு பக்கத்துல பல்கேரியான்னு வாங்கின வரிசைல வச்சா எண்பது வயசுல அந்தம்மா ஒவ்வொரு தடவையும் லேப்டாப் தொறந்து சார்ட் பண்ணிட்டா ரெக்கார்டு எடுப்பாங்க?

நான் நாட்டுப்புறவியல் படிச்சவன், சொல்றேன், பெரியம்மா அடுக்கு சும்மா ஆசைக்கு அடுக்கினது இல்ல. நாம நாட்டுப்புறப் பாட்ட வகை பிரிக்கறதே அப்படித்தான், தாலாட்டு, விளையாட்டு, காதல், தொழில், கொண்டாட்டம், ஒப்பாரி. பாட்டு எதுக்கு பொறந்துதோ அத வச்சு. நாடு வாரியா வைக்கறது ரெக்கார்டு கடைக்காரன் வசதிக்கு வந்தது. ஸ்காட்லாந்து தீவுகள்ல பொம்பளைங்க மேஜைய சுத்தி உக்காந்து நனைஞ்ச கம்பளித் துணிய அடிச்சு இறுக்கும்போது பாடற பாட்டு இருக்கு, ஒருத்தி அடி எடுத்து குடுப்பா மத்தவங்க சேர்ந்து வாங்குவாங்க, துணி அடிக்கற சத்தம்தான் தாளம். அத நம்ம நடவுப் பாட்டு பக்கத்துல வச்சு கேளுங்க. ஜப்பான்ல ஹொக்கைடோ பக்கம் ஹெர்ரிங் மீன் வலை இழுக்கற சோரன் புஷிய தேவனாம்பட்டினத்து அம்பா பாட்டு பக்கத்துல வைங்க. 1947ல மிசிசிப்பி பார்ச்மன் ஜெயில்ல நாட்டுப்புறப் பாட்டு சேகரிச்ச ஆலன் லோமாக்ஸ் பதிவு பண்ணதுல கைதிங்க கோடாலி விழற நேரத்துக்கு சரியா பாடுவாங்க, யாரும் பின்தங்கி அடி வாங்கக்கூடாதுன்னு எல்லாரையும் ஒரே வேகத்துல இழுத்துட்டு போற பாட்டு அது. இத அமெரிக்கான்னு ஒரு தட்டுல பேஞ்சோ பாட்டு பக்கத்துல வச்சா யாருக்கு என்ன புரியும்?

ஷெல்ஃப்ப பிரிக்கறதுக்கு முன்னாடி தட்டு தட்டா ஃபோட்டோ எடுங்க, முதுகுப் பக்கம் எழுத்து தெரியற மாதிரி. எது பக்கத்துல எது இருந்துதுங்கறதுதான் அந்தம்மா இத்தனை வருஷம் செஞ்ச வேலை.


ரெயின்போ_ராஜா:

@வயக்காட்டு_வாசு உங்க பதில பெரியம்மாவுக்கு படிச்சு காமிச்சேன். "யாரு பெத்த புள்ளையோ"ன்னாங்க.

@கேட்டலாக்_அக்கா நீங்க கேட்ட மாதிரியே இருக்கு. ஒவ்வொரு அட்டைக்குள்ளயும் அவங்க கைப்பட எழுதின சீட்டு, ஸ்கூல்ல பரீட்சை பேப்பர் மிச்சத்த வெட்டி நீல மைல எழுதினது. புக்லெட் இங்கிலீஷ்லயோ பிரெஞ்சுலயோ இருக்கறத பெரியப்பா படிச்சு சொல்ல சொல்ல இவங்க தமிழ்ல எழுதியிருக்காங்க. நேத்து தாலாட்டுத் தட்ட எடுத்தப்ப ஒரு ஜார்ஜியா எல்பிக்கு பக்கத்துல மாரியம்மன் தாலாட்டு 78 இருந்துச்சு, தப்பா வச்சிருக்காங்கன்னு நினைச்சு சீட்ட பாத்தேன். ஜார்ஜியால குழந்தைக்கு அம்மை போட்டா, அது படோனெபி, அதாவது பெரியவங்க, எஜமானருங்க வீட்டுக்கு வந்திருக்காங்கன்னு சொல்வாங்களாம். அவங்க மனசு குளிர்ந்து கிளம்பிப் போகணும்னு குழந்தை பக்கத்துல உக்காந்து இயாவ்னானான்னு தாலாட்டு மாதிரி பாடுவாங்களாம், வீட்டுல சத்தம் போடக்கூடாதாம், பூவெல்லாம் வைப்பாங்களாம். சீட்டுல கீழ ஒரே வரி: "நம்ம வீட்டு வேப்பிலை மட்டும்தான் குறை." எனக்கு சின்ன வயசுல அம்மை போட்டப்ப இதே பெரியம்மாதான் தலைமாட்டுல உக்காந்து மாரியம்மன் தாலாட்டு படிச்சாங்க.

சாவுத் தட்டுலயும் அப்படித்தான், கிரீஸ்ல எபிரஸ்னு ஒரு மலைப் பக்கம் பாடற மிரொலொய், கரேலியால அழுகைப் பாட்டு, ருமேனியா, கூடவே நம்ம ஒப்பாரி. அந்த தட்ட மட்டும் வெள்ளிக்கிழமைல எடுக்கக்கூடாதாம், ரூல்ஸ் போட்டு வச்சிருக்காங்க.


முத்தியால்பேட்டை_மூர்த்தி:

எங்க தாத்தாவும் சொல்தாதான், அதனால வந்தேன். ரியூனியன்ல இருந்து வந்த ரெக்கார்டுன்னா மலோயா (அந்த தீவோட பாட்டு வகை) இருக்கான்னு பாருங்க. 1976ல அங்க கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்க போட்ட எல்பிங்கதான் மலோயாவோட ஆரம்ப காலத்து ரெக்கார்டு. அதுக்கு முன்னாடி, அதுக்கப்புறமும் 1981 வரைக்கும், ரேடியோவுல அதுக்கு எடமே கிடையாது, அரசியல் பாட்டுன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க, 2009ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்துட்டாங்க. கரும்புத் தோட்டத்து அடிமைங்க, ஆப்பிரிக்கா மடகாஸ்கர்ல இருந்து கொண்டு போனவங்க பாட்டு அது. அப்புறம் பாண்டிச்சேரி காரைக்கால்ல இருந்து கப்பல் ஏறி ஒப்பந்தக் கூலியா போன நம்ம சனமும் அதே தோட்டத்துலதான் வேலை பாத்துச்சு, அங்க அவங்கள மலபார்னு சொல்வாங்க, இன்னிக்கும் கோயில்ல நம்ம பறை மாதிரி மேளம் அடிக்கறாங்க. கயாம்பு சத்தத்த கேட்டா தெரியும், கரும்புப் பூத் தண்ட வரிசையா கட்டி உள்ள விதை போட்டு ரெண்டு கைலயும் புடிச்சு ஆட்டறது. ரூலேன்னு பீப்பா மாதிரி பெரிய மேளம், அது மேலயே ஏறி உக்காந்து அடிப்பாங்க.

பெரியம்மா அத எந்த தட்டுல வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும், வேலைலயா சாவுலயா. மலோயால முன்னோருக்கு படையல் போட்டு பாடறதும் உண்டு.

அப்புறம் யுனெஸ்கோ கலெக்‌ஷன்னு போட்ட எல்பி இருந்தா பெரியப்பாகிட்ட அலென் தனியேலு பேர சொல்லுங்க. 1961ல இருந்து யுனெஸ்கோவுக்காக அந்த சீரிஸ தொகுத்தவரு, சிலப்பதிகாரத்த பிரெஞ்சுல கொண்டு வந்தவரும் அவரேதான். அதுக்கு முன்னாடி 50கள் கடைசில இங்க நம்ம பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ல இருந்தாரு. உலகம் பூரா போன ரெக்கார்டுக்கு ஒரு வேரு நம்ம கடற்கரைப் பக்கம் இருக்கறது எனக்கு எப்பவும் பெருமை.


சண்டே_மார்க்கெட்_சங்கர்:

மூர்த்தி அண்ணே சொன்ன அந்த 1976 எல்பி இருந்துச்சுன்னா ராஜா தம்பி, அத அந்த நாப்பதுல இருந்து எடுத்து பீரோல வச்சு பூட்டுங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க.


ரெயின்போ_ராஜா:

இருக்கு 🙂 நாப்பதுல முதல் ஆளா அதுதான் இருந்துச்சு. வேலைத் தட்டுலயும் இல்ல சாவுத் தட்டுலயும் இல்ல, "கப்பல்"னு தனியா ஒரு சின்ன தட்டு வச்சிருக்காங்க, ஊர விட்டு போனவங்க பாட்டு. அதுல மலோயா, கேப் வெர்ட் தீவுப் பாட்டு, அயர்லாந்துக்காரங்க அமெரிக்கா போன பாட்டு எல்லாம் இருக்கு. பெரியப்பா லிஸ்ட்ல இதெல்லாம் மூணு கண்டத்துல சிதறிக் கிடக்கு. அத காமிச்சதும் மனுஷன் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "சரி, கப்பல் தட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும்"ன்னாரு. மத்ததுக்கு இன்னும் வாதம் ஓடுது.

விக்கற பேச்ச நிறுத்திட்டோம், அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். கேட்டலாக் அக்கா சொன்ன நம்பரும் ஷீட்டும் போடறோம், ஷெல்ஃப்ல பெரியம்மா தட்டு. பெரியப்பாவுக்கு ஷீட்ட நாடு வாரியா பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு குடுக்கப் போறேன், அவருக்கு பேப்பர் கைல இருந்தா போதும். சீட்டு எல்லாத்தயும் மொபைல்ல ஃபோட்டோ எடுத்து அதே நம்பர்ல சேவ் பண்ண ஆரம்பிச்சாச்சு.

கடைசியா ஒரு சந்தேகம், எல்லாத்தயும் டிஜிட்டல் பண்ணிடலாமா? தங்கச்சி யூடியூப் சேனல் தொடங்கணும்ங்கறா.


ஊசிமுனை:

எல்லாத்தயும் வேணாம், கணக்கு போட்டு பாருங்க. ரெக்கார்ட வேகமா ஓடவிட முடியாது, ஒரு எல்பிக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிஷம்னா கூட 600க்கு 400 மணி நேரம். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ்ல வேவ் ஃபைலா வச்சா மணிக்கு 2 ஜிபி, மொத்தம் ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்ல அடங்கும், இடம் பிரச்சனை இல்ல, ஆளுதான் பிரச்சனை. அக்கா சொன்ன மாதிரி ஃபோக்வேஸ விட்டுடுங்க. தமிழ் 78, கப்பல் தட்டு, அப்புறம் நெட்டுல தேடியும் கிடைக்காதது, இந்த வரிசைல போங்க. ப்ளேயர்ல இருந்து ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசில இருந்து வர சின்ன சத்தத்த பெருக்கி சரி பண்ற பெட்டி) வழியாத்தான் கம்ப்யூட்டருக்கு போகணும், நேரா செருகினா பேஸே இல்லாம தகர டப்பா சத்தம் வரும். ஆடாசிட்டி ஓசி சாஃப்ட்வேர், அது போதும். இரைச்சல் எடுக்கறேன்னு ஃபில்டர் போட்டு ஒரிஜினல கெடுக்காதீங்க, அழுக்கோட ஒரு காப்பி எப்பவும் இருக்கணும், சுத்தம் பண்றது தனி காப்பில.

யூடியூப் மேட்டர் தங்கச்சிய கொஞ்சம் பொறுக்க சொல்லுங்க. நம்ம சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம் உரிமை உண்டு. பழைய 78ல நிறைய அத தாண்டியிருக்கும், 70, 80கள் எல்பி தாண்டியிருக்காது. மத்த நாட்டு கணக்கு வேற வேற.


கேட்டலாக்_அக்கா:

தமிழ் 78 லிஸ்ட் ரெடியானதும் சென்னை தரமணில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு மெயில் போடுங்க, புத்தகம் மட்டும் இல்ல, அங்க கிராமஃபோன் ரெக்கார்டும் சேத்து வச்சிருக்காங்க. உலக இசைக்குன்னா குர்கான்ல ஒரு இசை ஆவணக் காப்பகம் இருக்கு, 1982ல ஆரம்பிச்சது, அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸோடது. ரெக்கார்ட குடுங்கன்னு சொல்லல, பெரியவங்க இருக்கற வரைக்கும் அது அவங்க கிட்டயே இருக்கட்டும். லிஸ்ட்டும் சீட்டு ஃபோட்டோவும் வெளில ஒரு இடத்துல இருந்தா அடுத்த புயலுக்கு பயமில்ல.

அப்புறம் சீட்டு எழுதாத ரெக்கார்டு ஏதாவது இருந்தா பெரியம்மாவ பேச வச்சு மொபைல்லயே ரெக்கார்ட் பண்ணிடுங்க, எழுதச் சொல்லி கைய வலிக்க வைக்காதீங்க.


ரெயின்போ_ராஜா:

பண்றேன் அக்கா. @ஊசிமுனை அண்ணா 78 ஊசி உங்ககிட்ட இருக்குன்னா ஒரு நாள் லாஸ்பேட்டை வர முடியுமா? மாரியம்மன் தாலாட்ட மட்டும் முதல்ல ஓட்டிடலாம்னு பெரியம்மா கேக்கறாங்க. மீன் குழம்பு உண்டு.


ஊசிமுனை:

ஞாயித்துக்கிழமை வரேன், காலைல பத்து மணி பஸ்ஸ புடிச்சுடறேன். ப்ளேயர்ல 78 ஸ்பீட் இருக்கான்னு மட்டும் இப்பவே பாத்து சொல்லுங்க, மார்செய்ல வாங்கினதுல 33, 45 மட்டும் இருந்தா என் ப்ளேயரயே தூக்கிட்டு வரணும்.


ரெயின்போ_ராஜா:

இருக்கு அண்ணா, மூணு ஸ்பீடும் இருக்கு. பெல்ட்டு மட்டும் கொஞ்சம் தளர்ந்த மாதிரி தெரியுது, அளவு எடுத்து அனுப்பறேன்.